எந்த அசைன்னு சொல்லிட்டுக் கேளுங்கய்யா

ரெண்டு மார்க் போச்சு. போனா போகட்டும். போன விதத்துக்குத்தான் வயிறு எரியுது.

ஆசிரியர் வேலைக்குப் படிக்கிறேன். படிக்கிற பயிற்சி மையத்துல (பேரு வேண்டாம்) போன வாரம் மாதிரித் தேர்வு. 'கடல் என்னும் சொல்லில் அசைகள் எத்தனை?' பாம்பன்ல பொறந்து, வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவுல வளந்தவகிட்ட கடலைப் பத்தியே கேள்வி! சந்தோஷமா 2-ன்னு போட்டேன். முந்தின ராத்திரி முழுக்க உருப்போட்டது மொழியியல் பாடம்: ஒரு அசைக்கு ஒரு உயிரொலிதான் உச்சி. 'க'வுல ஒண்ணு, 'டல்'ல ஒண்ணு. ஆக ரெண்டு.

விடை 1-ஆம். யாப்புக் கணக்கு, அதாவது செய்யுள் இலக்கணப்படி. ரெண்டு குறில் சேந்து பின்னால ஒற்றும் வந்தா நிரையசை, ஒரே அசை. அதுவும் சரிதான், யாரு இல்லேன்னது? சார்கிட்ட போய்க் கேட்டா, "எம்.ஏ. தமிழ் படிச்ச பிள்ளைக்கு நிரையசை தெரியாதா?"ங்கிறாரு. தெரியும் சார். வெண்பா முடியுற நாள், மலர், காசு, பிறப்பு வரைக்கும் தெரியும். நீங்க எந்த அசையைக் கேக்குறீங்கங்கிறதுதான் தெரியல.

வீட்டுக்கு வந்து ஆத்திரத்துல எண்ணிப் பாத்தேன். இறால் யாப்புல ஒரு அசை, மொழியியல்ல ரெண்டு. கணவாய் அங்க ரெண்டு, இங்க மூணு. படகும் அப்படியே. நண்டு மட்டும் ரெண்டு பக்கமும் ரெண்டு. பக்கவாட்டுல ஓடித் தப்பிச்சிருச்சு போல.

"ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்கத்தானடி செய்யும்"னு கூடப் படிக்கிறவ சமாதானம் சொன்னா. இருக்கட்டும். மீன் ஏலத்துல 'கணவாய்'னு கூவுனா எவனும் கைபர் கணவாயைத் தேடிப் போறதில்ல. அங்க கூடை கண்ணு முன்னாடி இருக்கு. இங்க அப்படியா? ஒரே வினாத்தாள்ல 14-ஆம் கேள்வி யாப்பு, 15 மொழியியல், 16 நன்னூல். எந்தக் கூடையைக் காட்டிக் கேக்குறாங்கன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? 'யாப்பிலக்கணப்படி'ன்னு ஒரே ஒரு சொல் முன்னால சேத்திருந்தா என்ன மை தீந்துபோயிருமா? கடல்ல காத்துன்னு மொட்டையா சொன்னா எங்கப்பா கயித்தை அவுக்க மாட்டாரு. வாடையா, கச்சானா, கொண்டலா, சோழகமான்னு கேட்டுட்டுத்தான் மறுவேலை.

எழுத்துலயும் இதே கூத்துதான். தொல்காப்பியர் எழுத்து 30-ங்கிறாரு, உயிர் 12, மெய் 18. பள்ளிக்கூடப் புத்தகம் உயிர்மெய் 216-ஐயும் ஆய்தத்தையும் சேத்து 247-ங்குது. ஆனா மொழியியல்காரங்க இந்த இடத்துல சிக்கல் வரும்னு பாத்து பொருளை மாத்துற ஒலிக்கு 'ஒலியன்'னு தனியா ஒரு சொல்லை ஆக்கி வச்சாங்க. கையெடுத்துக் கும்பிடலாம். அந்தப் புத்தி அசைகிட்ட வந்ததும் எங்க போச்சு? யாப்புல குடியிருந்தவளை எழுப்பாமலே அதே வீட்டை இன்னொருத்திக்கும் வாடகைக்கு விட்டுட்டாங்க.

சாயங்காலம் டியூஷன் எடுக்குறேன், அங்க தனி ரோதனை. பகுபத உறுப்புல 'வந்தான்' பிரிக்கணும். வா 'வ' ஆனது விகாரம் (எழுத்து மாறுறது), சந்தித் தகரம் 'ந்' ஆனதும் விகாரம்னு சொன்னேன். ஒரு வாண்டு, "விகாரம்னா அசிங்கம்தானே மிஸ், வந்தான்ல என்ன அசிங்கம்?" இதுக்கே சிரிச்சு முடியல, இன்னொருத்தன் 'சந்தி'க்கு வழி சொல்லுறான், பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயாம். 'மொழிமுதல் எழுத்து'ல மொழின்னா சொல்லுதான்னு புரிய வைக்கவே ஒரு வாரம் ஆச்சு.

இதெல்லாம் கூடத் தாங்கிக்கலாம். எம்.ஏ. கடைசி வருஷம் ஆய்வேட்டுக்கு எங்க ஊர் கடல் சொற்களைச் சேகரிச்சேன். தலைப்பு, 'பாம்பன் மீனவர் வழக்கு'. நோட்டைத் தூக்கிக்கிட்டுக் கரைக்குப் போனது தடைக்காலத்துல. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது, ஆளுங்க ஓய்வா வலை முடைஞ்சுக்கிட்டு இருப்பாங்களேன்னு. "மீனவர் வழக்கு பத்தி எழுதுறேன் மாமா"ன்னேன். அவ்வளவுதான், கூட்டம் கூடிருச்சு. "எந்த வழக்கு தாயி? ஊர்காவல்துறை கோர்ட்டா, மன்னார் கோர்ட்டா?" ஒருத்தர் ஓடிப்போய் படகு பதிவுப் புத்தகத்தோட வந்தாரு, இலங்கை நேவி பிடிச்சு வச்சிருக்கிற படகை மீட்டுக் குடுக்கச் சொல்லி. வழக்குன்னா பேச்சு வழக்கு, நீங்க பேசுற சொல்லுன்னு நான் சொல்லச் சொல்ல, அவரு முகம் சுருங்கிப்போனது இன்னும் கண்ணுல நிக்குது. தலைப்பை மாத்துறேன்னு வழிகாட்டிகிட்ட கேட்டதுக்கு, "துறைச் சொல் அதுதாம்மா, மாத்தக் கூடாது"ன்னுட்டாரு.

ஆய்வேடு முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த மாமா என்னைப் பாலத்துகிட்ட பாக்கும்போதெல்லாம் இன்னமும் கேக்குறாரு, "என்ன தாயி, வழக்கு வாய்தாவுலயேவா இருக்கு?"