பங்கு ஏறிய நாளில்தான் பவுன் இறங்கியது

நேற்று ஒரு வாட்ஸப் குழுவில் அந்தப் படம் மறுபடியும் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில், பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் பாதாளத்துக்குப் போய், அங்கிருந்து மலை ஏறுவதுபோல ஏறிக்கொண்டே போகும் படம். அதன் கீழே, "அடுத்த தொற்று வரும்போது கையில் பணத்தோடு தயாராக இருங்கள்" என்று ஒரு வரி. அனுப்பியவர் எனக்கு வேண்டியவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனாலும் அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறேன். மாதாமாதம் ஒரு சின்னத் தொகையை மியூச்சுவல் ஃபண்டிலும் போட்டு வருகிறேன். அதனால் அந்தக் காலத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவன்.

2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,934 புள்ளிகள் விழுந்து 26,000-க்குக் கீழே போனது. 13 சதவீதம். அன்றைக்கு நாடு முழுவதும் பதிவான மொத்தத் தொற்று சில நூறுதான். செப்டம்பரில் ஒரு நாளைக்கு மட்டும் 90,000-க்கு மேல் புதிதாகத் தொற்று வந்தது. அப்போது சென்செக்ஸ் 38,000 பக்கம் அசையாமல் நின்றது. நோயாளிகள் எத்தனை பேர் என்று சந்தை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. இது எங்கே போய் முடியும் என்று தெரியாமல் இருந்த சில வாரங்கள்தான் அதற்குப் பயம். போக்கு பிடிபட்டதும் பயம் போய்விட்டது.

பணமும் வேறு எங்கேயும் போக வழியில்லை. ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குத் தரும் கடனுக்கான ரெப்போ வட்டியை மார்ச், மே என்று இரண்டு தடவை குறைத்து 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் வட்டி கிட்டத்தட்ட பூஜ்யம். டெபாசிட்டில் ஒன்றும் கிடைக்காது என்று ஆனதும் உலகத்துப் பணமெல்லாம் பங்குச் சந்தைக்குள் வந்தது. வீட்டில் அடைந்து கிடந்த நம் பிள்ளைகளும் வந்தார்கள். பங்குகளை வைத்திருக்கத் தேவையான டீமேட் கணக்குகள் 2020 மார்ச்சில் 4 கோடி அளவில் இருந்தன, அவை இரண்டே வருடத்தில் 9 கோடியை நெருங்கின. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி 23.9 சதவீதம் சுருங்கியது என்று ஆகஸ்ட் 31 அன்று அரசாங்கமே அறிவித்தது. அதற்காகச் சந்தை ஒன்றும் மார்ச் மாதக் குழிக்குத் திரும்பப் போய்விடவில்லை.

சென்செக்ஸ் என்பது 30 பெரிய கம்பெனிகள். சாஃப்ட்வேர், பெரிய வங்கிகள், மருந்து. வீட்டிலிருந்தே வேலை நடந்த இடங்கள், ஆறு மாதம் வியாபாரம் இல்லாவிட்டாலும் தாங்கக்கூடிய இடங்கள். எங்கள் பக்கத்து ஜவுளிக் கடைத் தெருவான எம்.சி. ரோடு அந்தக் கணக்கில் எந்த மூலையிலும் வராது. 2020 ரம்ஜான் ஊரடங்கில் போனது, 2021 ரம்ஜானும் ஊரடங்கில் போனது. வருடத்து லாபத்தையே ரம்ஜானிலும் தீபாவளியிலும் எடுக்கிற ஜவுளிக் கடைக்கு இதன் அர்த்தம் என்ன என்று கணக்கு எழுதுகிறவனுக்குத் தெரியும். விற்பனை "இல்லை" என்று மாதக்கணக்காகத் தாக்கல் செய்திருக்கிறேன். கடைகளுக்கு மீன்பாடி வண்டியில் பேல் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எந்தத் தாக்கலிலும் கிடையாது. வங்கிக் கடனுக்கு ஆகஸ்ட் வரை தவணைத் தள்ளிவைப்பு கொடுத்தார்கள், வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் வசூலிக்கும் கடனான தண்டலுக்கு அந்தத் தள்ளிவைப்புகூட இல்லை. சாயங்காலமானால் நோட்டோடு ஆள் வாசலில் நிற்பார்.

இதெல்லாம் பலர் எழுதியதுதான். நான் சொல்ல வந்தது எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்காவின் கதை.

விடியற்காலையில் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் கொண்டுவந்து தெருவில் விற்பவர். 2020 கோடையில் ராயபுரம் மண்டலம்தான் சென்னையிலேயே அதிகத் தொற்று உள்ள இடம் என்று தினமும் செய்தியில் வந்தது. எங்கள் தெருக்களைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அக்காவுக்குத் தொழில் இல்லை. கையிருப்பு கரைந்து, தண்டல் கடன் ஏறி, கடைசியில் மூன்று பவுன் சங்கிலியை வைக்க முடிவு செய்தார்.

அந்த ஆகஸ்டில்தான் ரிசர்வ் வங்கி, வங்கிகள் நகையின் மதிப்பில் 75 சதவீதத்துக்குப் பதிலாக 90 சதவீதம் வரை கடன் தரலாம் என்று அறிவித்தது. கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு உதவி என்றுதான் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். அடகுக் கடைக்குப் போகவேண்டாம், வங்கியில் வட்டி குறைவு என்று சொல்லி நானே அக்காவைக் கூட்டிப்போனேன். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். 1,05,000 ரூபாய் கிடைத்தது. தண்டலை அடைத்தார், வாடகை பாக்கியைக் கொடுத்தார்.

பவுன் விலை அப்போது உச்சத்தில் இருந்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் சென்னையில் ஒரு பவுன் 43,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. உலகம் பயந்தால் தங்கத்தை வாங்கும், பயம் தெளிந்தால் விற்கும். நவம்பர் 9 அன்று ஃபைசர் தடுப்பூசி 90 சதவீதத்துக்கு மேல் வேலை செய்கிறது என்று செய்தி வந்தது. மறுநாள் சென்செக்ஸ் முதல் முறையாக 43,000-க்கு மேல் போனது. என் ஃபண்டைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். அதே செய்தியில் உலகச் சந்தையில் தங்கம் சரிந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, 2021 மார்ச்சில் ஒரு பவுன் 34,000-ஐ ஒட்டி வந்து நின்றது. மூன்று பவுனுக்கு 1,02,000. கடன் 1,05,000, அதன் மேல் வட்டி.

வங்கியிலிருந்து கடிதம் வந்தது. நகை மதிப்பு குறைந்துவிட்டது, வித்தியாசத்தைக் கட்டுங்கள், இல்லையென்றால் கூடுதலாக நகை வையுங்கள் என்று. அக்கா அதை என்னிடம் கொண்டுவந்து கேட்டார். "ஊசி கண்டுபுடிச்சா நல்லதுதான தம்பி, அதுக்கு ஏன் பவுன் எறங்குது?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பழைய கடனை முடித்து அதே நகையைத் திருப்பி வைக்கலாம் என்று பார்த்தால், 90 சதவீதச் சலுகை மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. பழையபடி 75 சதவீதம். அதாவது அதே சங்கிலிக்கு 76,500 ரூபாய்தான் கிடைக்கும், மீதியைக் கையிலிருந்து போடவேண்டும். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. மே 10-ல் முழு ஊரடங்கு. கீழ்ப்பாக்கத்தில் ரெம்டெசிவிர் மருந்துக்கு மக்கள் ராத்திரி பகலாக வரிசையில் நின்ற அந்த மே மாதக் கடைசியில் சென்செக்ஸ் 51,000-க்கு மேல். அந்த வருடம் முடிவதற்குள் அக்காவின் சங்கிலி ஏலத்தில் போய்விட்டது.

கூட்டுறவு வங்கியில் 5 பவுன் வரை வைத்தவர்களுக்குத் தமிழக அரசு பிறகு தள்ளுபடி தந்தது. நிறையக் குடும்பங்கள் அதில் மூச்சு விட்டன. அக்கா வைத்தது கூட்டுறவு வங்கியில் இல்லை. எங்கே வைப்பது என்று சொன்னவன் நான்.

அந்த வங்கியின் மேலாளரை நான் குறை சொல்லவில்லை, அவர் விதிப்படி நடந்தார். என் கோபம் அந்த விதி மீதுதான். விலை உச்சத்தில் இருக்கும்போது கூடுதல் கடன் கொடுத்துவிட்டு, விலை இறங்கும் நேரத்தில் சலுகையை நிறுத்தினால், அந்த இறக்கம் முழுவதும் நகை வைத்தவர் தலையில்தான் விழும். தொற்று முடியப்போகிறது என்ற நல்ல செய்தியே அவருக்கு நஷ்டமாக வந்து சேரும். அடுத்த தடவை இப்படி ஒன்று வந்தால், முதல் வாரத்திலேயே ஒரு உத்தரவு வேண்டும். ஊரடங்கு இருக்கும் வரைக்கும், அது முடிந்து ஒரு வருடம் வரைக்கும், 5 பவுனுக்குக் கீழே உள்ள எந்த நகைக் கடனும் ஏலத்துக்குப் போகக்கூடாது. எந்த வங்கியாக இருந்தாலும் சரி. பெரிய கடன்களுக்கு மறுசீரமைப்பு செய்யத் தெரிந்த நாட்டுக்கு இதுவும் முடியும். நிவாரணத்தையும் 1,000, 1,000 ரூபாய், அப்புறம் ஒரு வருடம் கழித்து 2,000, 2,000 என்று நிறுத்தாமல், கதவு அடைத்த அன்றே வீட்டுக்குள் வந்து சேருமாறு கொடுக்கவேண்டும். கையில் அந்தப் பணம் இருந்திருந்தால் அக்கா சங்கிலியைக் கழற்றியிருக்கவே மாட்டார்.

படம் அனுப்பிய நண்பருக்கு இதைத்தான் பதிலாக அனுப்பப்போகிறேன். அன்று வாங்கியவர்கள் ஏறியதற்கு நான் பொறாமைப்படவில்லை, நானும் அதில் கொஞ்சம் ஏறியவன்தான். ஆனால் என் ஃபண்ட் ஏறியதும் அக்காவின் பவுன் இறங்கியதும் ஒரே செய்தியால் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

2025-ல் பவுன் 70,000-ஐத் தாண்டிய பிறகு அக்கா ஒரு நகைச் சீட்டில் சேர்ந்திருக்கிறார். மாதம் 1,000 ரூபாய்.