பழைய ஆம்பில் ஓட்டை போடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் அவருடைய மாமனார் 90களில் ஆசைப்பட்டு வாங்கிய ஆம்ப்ளிஃபயர். முன்பக்கத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அலுமினிய முகப்பைச் சதுரமாக அறுத்து, நீல விளக்கு மின்னும் யுஎஸ்பி போர்டு ஒன்றைத் திருகியிருந்தார்கள். அறுத்த ஓரத்தில் அரம் போட்ட கோடுகள் அப்படியே தெரிந்தன. "இப்ப ப்ளூடூத்லயே பாடும்" என்று போட்டுக் காட்டினார். பாடியது. ஆனால் வயலின் தனியாக வரும் இடத்தில் கொசு ரீங்காரம் மாதிரி 'ஙொய்ங்' என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். பாட்டை நிறுத்தியும் அது நிற்கவில்லை.

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது. பழைய செட்டில் ப்ளூடூத் சேர்ப்பது நல்ல காரியம், கட்டாயம் செய்யுங்கள். அதற்காகச் செட்டைத் திறக்க வேண்டாம், அறுக்கவே வேண்டாம். ப்ளூடூத் வெளியே இருக்கட்டும்.

எங்கள் வீட்டு ஆம்ப், 1993இல் கும்பகோணத்தில் ஒரு ரேடியோ மெக்கானிக் அப்பாவுக்காகக் கட்டிக் கொடுத்தது. சத்தத்தைப் பெருக்க எஸ்டிகே வகை ஐசி சிப், தடியான டிரான்ஸ்ஃபார்மர், ப்ளைவுட் பெட்டியில் 8 இன்ச் ஸ்பீக்கர் இரண்டு. கேசட் கடையில் பாட்டுகளைப் பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டு, பதிந்து வரும்வரை காத்திருந்து கேட்ட காலம் அது. அப்பா போன பிறகு ஏழெட்டு வருடம் அந்தச் செட் துணி போர்த்தியே கிடந்தது. டேப் டெக்கின் பெல்ட் இளகிப் பிசுபிசுத்துப் போயிருந்தது. அம்மா பாட்டுக் கேட்க வேண்டுமானால், சமையல் மேடையில் ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் செல்போனை நிறுத்திவைப்பார். அப்படி வைத்தால் சத்தம் கொஞ்சம் கூடுதலாக வருமாம்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது செட்டை இறக்கிப் பின்பக்கத்தைத் திருப்பினேன். சிவப்பும் வெள்ளையுமாக மூன்று ஜோடி சாக்கெட். ஒவ்வொரு ஜோடிக்கு மேலும் பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவில் அப்பா எழுதியிருந்தார். டேப். ரேடியோ. மூன்றாவதில், காலி.

கடையில் கொண்டுபோய்க் காட்டியபோது, "முன்னாடி கட் பண்ணி போர்டு வெச்சிடலாம் சார், அரை மணி நேர வேலை" என்றார்கள். அந்தக் காலி சாக்கெட்டைப் பார்த்திராவிட்டால் நானும் சரி என்றிருப்பேன். செட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த 'ஙொய்ங்' எங்கிருந்து வருகிறது என்றால், போர்டுக்கு 5 வோல்ட் வேண்டும். தனியாகக் கொடுக்காமல், ஆம்பின் சப்ளையிலிருந்தே, வோல்ட்டை 5ஆகக் குறைத்துக் கொடுக்கும் 7805 ரெகுலேட்டர் ஒன்றை வைத்து எடுத்துவிடுவார்கள். ப்ளூடூத் என்பது நொடிக்கு 1600 முறை வரை அலைவரிசை தாவுகிற சமாச்சாரம். அதனால் அந்தச் சிப் சீராகக் கரண்ட் இழுக்காது, விட்டு விட்டு இழுக்கும். அந்தத் துடிப்பு, பாட்டு வருகிற அதே கிரவுண்ட் ஒயரில் கலந்துவிடுகிறது. ஆம்புக்கு எது பாட்டு, எது துடிப்பு என்று தெரியாது, இரண்டையும் பெருக்கித்தான் கொடுக்கும். ஏற்கெனவே போர்டு வைத்துவிட்டவர்கள், 7805க்கும் போர்டுக்கும் நடுவில் பி0505எஸ் என்ற சின்ன ஐசொலேட்டட் கன்வெர்ட்டரை, அதாவது இரண்டு பக்க கிரவுண்டையும் பிரித்துவிட்டு அதே 5 வோல்ட்டைக் கொடுக்கும் பாகத்தைப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் சத்தம் அடங்கிவிடும். நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் கரண்ட் நிற்கும்.

நான் செய்தது ரொம்பச் சாதாரணம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு ப்ளூடூத் ரிசீவர் வாங்கினேன். போன் அனுப்பும் பாட்டை வாங்கி ஒயர் வழியாக ஆம்புக்குக் கொடுக்கும் கருவி இது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. டிரான்ஸ்மிட்டர் என்று வேறொன்று விற்பார்கள், அது வேலைக்கு ஆகாது. ரிசீவர் என்றே கேளுங்கள். ஒரு முனை 3.5 மிமீ, மறுமுனை சிவப்பு வெள்ளை ஆர்சிஏ உள்ள ஒயர். கரண்டுக்கு வீட்டில் கிடந்த பழைய செல்போன் சார்ஜர். சாக்கெட்டுகளில் பச்சை படிந்திருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, பச்சை போகும்வரை துடைத்தேன். அப்புறம் 'காலி'யில் செருகினேன். வால்யூம் குமிழ் முதலில் கரகரத்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது முறை திருகியதும் சரியாகிவிட்டது.

போனோ என்று எழுதியிருக்கும் சாக்கெட்டில் மட்டும் செருகிவிடாதீர்கள். அது ரெக்கார்ட் பிளேயருக்கானது. இசைத்தட்டு ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதனால் அந்த சாக்கெட் உள்ளே வருவதைப் பல மடங்கு பெருக்கும், பேஸைத் தூக்கும், டிரெபிளை அடக்கும். ரிசீவரை அதில் கொடுத்தால் பாட்டு உடைந்து, இரைச்சலாகத்தான் வரும். ஆக்ஸ், டேப், டியூனர், சிடி, இவற்றில் எது காலியோ அது போதும். ரொம்பப் பழைய செட்டுகளில் வட்டமாக 5 முள் டின் (DIN) சாக்கெட் இருக்கும். அதற்கும் மாற்று ஒயர் கிடைக்கிறது, பயப்பட வேண்டாம்.

"ப்ளூடூத்ல தரம் போயிடுமே" என்று கேட்பவர்களுக்கு. கணக்குப்படி போகத்தான் செய்கிறது. சிடியில் நொடிக்கு 1411 கிலோபிட், ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகளில், எல்லா ப்ளூடூத் ஆடியோ கருவியிலும் இருக்கும் எஸ்பிசியில் அதிகபட்சம் 328 வாக்கில், சில கருவிகளில் மட்டும் இருக்கும் எல்டாக்கில் 990 வரை. ஆனால் மேலே ஃபேன் சுற்றும் ஹாலில், ப்ளைவுட் பெட்டியில் கேட்கும்போது என் காதுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. டம்ளருக்குள் பாடிய போனுக்கும் 8 இன்ச் ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசம் அம்மாவுக்கு முதல் தபேலா அடியிலேயே தெரிந்துவிட்டது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஹாலுக்கு வந்து நின்றார். ஐபோன் வைத்திருப்பவர்கள் எல்டாக் ரிசீவருக்குக் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டாம், ஐபோன் எல்டாக்கில் அனுப்பாது. போன் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைத்துவிட்டு, மிச்சத்தை ஆம்பில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் குறையும்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்க ஒரு காரணம் உண்டு. 2003இல் ஆப்பிளின் பாட்டுப் பெட்டியான ஐபாடுக்கு (iPod) 30 முள் டாக் சாக்கெட் வந்தது. அதை நம்பி, தலையில் அந்த முள்ளோடு எத்தனை ஸ்பீக்கர்கள் வந்தன! 2012இல் ஐபோன் 5இல் லைட்னிங் என்ற வேறு சாக்கெட் வந்ததும் அந்த முள் அநாதையானது. வைஃபையில் பாட்டு அனுப்ப குரோம்காஸ்ட் ஆடியோ என்று ஒரு வட்ட வில்லை 2015இல் வந்தது, 2019 ஜனவரியில் தயாரிப்பே நின்றுவிட்டது. அதைப் பழைய ஆம்பின் பின்னால் செருகியிருந்தவர்களுக்கு, அந்த வில்லை கெட்டுப்போனாலும் நஷ்டம் வில்லை மட்டும்தான். சிவப்பு வெள்ளை சாக்கெட் அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. சீக்கிரம் பழசாகிற பொருளை, முப்பது வருடம் நிற்கிற பொருளுக்குள் ஏன் புதைக்க வேண்டும்?

வாங்கும்போது ஒன்று பாருங்கள். கரண்ட் போய் வந்தால் ரிசீவர் தானாக ஆன் ஆக வேண்டும். சில ரிசீவர்களில் ஒவ்வொரு தடவையும் பட்டனை அழுத்த வேண்டியிருக்கும். அம்மாவால் அலமாரிக்குப் பின்னால் கைவிட்டுத் தேட முடியாது. கடையிலேயே ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகிப் பார்த்து வாங்கினேன்.

நண்பரிடமும் பேசிவிட்டேன். வருகிற ஞாயிறு அந்த போர்டைக் கழற்றிவிட்டு, பின்னால் ஒரு ரிசீவரைச் செருகப் போகிறோம். முன்பக்கம் அறுபட்ட இடம்தான் பாக்கி. கோடு கோடாகத் தேய்த்த வெள்ளி நிற அலுமினியத் தகடு, மூன்று இன்ச் அகலத்தில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.