காய்ந்த பெயிண்ட் வேறு, வெந்த பெயிண்ட் வேறு

பைக்கின் பெண்ட் பைப்புக்கு (என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய்) வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோக்கள் ஏன் எப்போதும் ஒரே இடத்தில் முடிகின்றன? ஈரம் காயாமல் கறுகறுவென மின்னும் பைப். ‘ராத்திரி முழுக்கக் காயவிடுங்க, காலையில மாட்டி ஓட்டுங்க’ என்று ஒரு வரி. முடிந்தது. அந்தப் பைப் ஒரு மாதம் கழித்து என்ன கதியில் இருக்கிறது என்று காட்டுவதே இல்லை. அதை நம்பி ஒரு லீவு நாளையும் ஒரு கேன் பெயிண்டையும் தொலைத்தவர்கள் கடைசியில் ‘பெயிண்ட் டூப்ளிகேட்’ என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். பல நேரம் பெயிண்ட்மேல் தப்பே இருக்காது. பாதி வேலையைச் சொல்லிக்கொடுத்து, மீதியை முழுங்கிவிட்டார்கள்.

அந்த ஒரு மாதப் பைப்பைக் கிட்டப்போய்ப் பாருங்கள். என்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டிலிருந்து இறங்கும் முதல் வளைவு சாம்பல் பூத்துக் கிடக்கும். அதற்குக் கீழே, முன் டயர் வாரியிறைக்கும் சேறும் தண்ணீரும் கொதிக்கிற பைப்பில் வந்து அறையும் இடத்தில், பெயிண்ட் பொருக்குத் தட்டி நிற்கும். நகத்தால் ஒரு பொருக்கைக் கிள்ளித் திருப்பினால் உட்பக்கம் செம்பழுப்பாகத் துருத்தூள் அப்பியிருக்கும். பெயிண்ட் இரும்பைப் பிடிக்கவே இல்லை, துருவைப் பிடித்திருந்தது. துரு கழன்றதும் அதுவும் கூடவே வந்துவிட்டது.

கேன்மேல் ‘ஹீட் ரெசிஸ்டன்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, எத்தனை டிகிரி என்பதைப் பின்னால் எறும்பு எழுத்தில் ஒளித்துவைப்பது எந்த ஊர் நியாயம்? எண் போடாத கேனை வாங்கவே வாங்காதீர்கள். சாதாரண எனாமலில் இருக்கும் பிசின் 200 டிகிரியைத் தாண்டுவதற்குள் கருக ஆரம்பித்துவிடும். ஹெட்டில் புகை வெளியேறும் வாயான போர்ட்டுக்குப் பக்கத்தில் பைப்பின் மேல்தோல் 300, 400 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். மேட்டில் இழுக்கும்போது அதற்கும் மேலே போகும். என்ஜின் பெயிண்ட் என்று விற்பது சிலிண்டருக்கும் கிராங்க்கேஸுக்கும் ஆனது, பைப்புக்கு அது ஆகாது. 600, 650 டிகிரி என்று போட்ட, சிலிக்கோன் பிசினில் செய்த எக்ஸாஸ்ட் பெயிண்ட்தான் வேண்டும். அந்த எண்ணும் தொடர்ந்து தாங்கும் சூடா, கொஞ்ச நேரம் மட்டும் தாங்கும் உச்சச் சூடா என்று பார்த்து வாங்குங்கள். கறுப்பும் சில்வரும்தான் நிலைத்து நிற்கும். சிவப்பு, நீலம் எல்லாம் முதல் வளைவில் சீக்கிரமே வெளிறும்.

சரியான பெயிண்டை வாங்கிவந்து அதற்கு அடியில் ரெட் ஆக்சைடு பிரைமர் (இரும்புக்கு முதலில் பூசும் செந்நிற அடிப்பூச்சு) பூசச் சொல்கிறார்களே, அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பைப்பின் சூட்டில் சாதாரண பிரைமர் கருகித் தூளாகும். அஸ்திவாரமே தூளான பிறகு மேலே 650 டிகிரி தாங்கும் பெயிண்ட் இருந்து என்ன பிரயோஜனம்? துருக்குழியை பட்டி வைத்து அடைப்பதும் அதே கூத்து. பட்டி வெடித்து வெளியே வரும். பளபளப்புக்காக மேலே கார் கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) அடித்தால் முதல் நாளே மஞ்சளாகிக் கருகும். துருவை எடுக்காமல் அதையே கறுப்புப் படலமாக மாற்றும், பாலிமர் கலந்த துரு கன்வெர்ட்டரும் இங்கே செல்லாது. பெரும்பாலான எக்ஸாஸ்ட் பெயிண்ட் வெறும் இரும்பில் நேராக அடிக்கத்தான். பிரைமர் வேண்டும் என்று கேனிலேயே போட்டிருந்தால் அதே வகையில் வரும் ஹீட் பிரைமரை மட்டும் வாங்குங்கள்.

‘கழற்ற வேண்டாம், பேப்பர் சுத்தி அடிச்சா போதும்’ என்பவர்கள்மேல்தான் கோபம் அடங்கவே மாட்டேன் என்கிறது. மாட்டிய நிலையில் பைப்பின் பின்பக்கத்தை எப்படித் தேய்ப்பது? என்ஜினைப் பார்த்திருக்கும் அந்தப் பக்கத்திலிருந்துதான் துரு திரும்பக் கிளம்பும். பெயிண்ட் புகை காற்றில் போய் முன் பிரேக் டிஸ்க்கில் படிந்தால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கழற்றுங்கள். போர்ட் நட்டுகள் துருவில் இறுகியிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்டட் (அந்த நட்டு ஏறியிருக்கும் மரைக்கம்பி) ஹெட்டுக்குள்ளேயே முறியும். அப்புறம் வேலை பெயிண்டோடு நிற்காது. பைப்பில் ஆக்சிஜன் சென்சர் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் கருவி) இருந்தால் அதைக் கழற்றி, அந்த ஓட்டையை டேப்பால் அடையுங்கள். கழற்றியதும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் பைப்பை முழுக்கத் தட்டிப் பாருங்கள். எங்காவது சத்தம் செத்துக் கேட்டால், அமுங்கினால், உள்ளிருந்தே அரித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு வெல்டிங் வேண்டும், அல்லது வேறு பைப் வேண்டும்.

இப்போது தேய்ப்பு. டிரில்லில் ஒயர் பிரஷ் மாட்டி ஓட்டினால் இரும்பு வெள்ளிபோல் மின்னும், அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த மினுமினுப்புதான் எமன். ஒயர் பிரஷ் துருவைப் பெயர்க்கும்போதே இரும்பை வழவழப்பாக்கியும் விடுகிறது. வழவழப்பில் பெயிண்ட் எதைப் பிடித்து நிற்கும்? பிரஷ்ஷுக்குப் பிறகு 80 நம்பர் எமரி (உப்புத்தாள்), அடுத்து 120. மிஞ்சிப்போனால் 180. அதற்கு மேல் நைஸ் பண்ண வேண்டாம். துணி எமரியை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, பைப்புக்குப் பின்னால் கொடுத்து, குளித்துவிட்டு முதுகு துவட்டுவதுபோல இரு கையாலும் மாற்றி மாற்றி இழுங்கள். வளைவின் உட்பக்கம், வெல்டு ஓரம், ஃபிளாஞ்சின் (பைப்பை ஹெட்டோடு இறுக்கும் தகடு) கழுத்து என ஒரு இடம் விடாமல், மினுக்கம் செத்து ஒரே சீராகச் சொரசொரத்த சாம்பல் நிறம் வரவேண்டும். குழிக்குள் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது துரு, கூரான கம்பியால் நோண்டி எடுங்கள். குரோம் பூசிய பைப் என்றால் உரியும் குரோமை முழுக்க எடுக்காமல் பெயிண்ட் கேனைத் தொடவே கூடாது.

துடைப்பதற்கு பெட்ரோலை எடுக்காதீர்கள், அது எண்ணெய்ப் பசையை விட்டுப் போகும். அசிட்டோன் போதும், கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சு உதிராத துணியால், துணி அழுக்காவது நிற்கும்வரை. அதன்பின் வெறுங்கை படக்கூடாது. ஒரு கட்டைவிரல் எண்ணெய் போதும், அந்த இடம் அச்சு அசலாக ரேகையோடு உரியும். ஈரக் காற்றில் தேய்த்த இரும்பு சில மணி நேரத்திலேயே மறுபடி துருப்பிடிக்கும். தேய்த்த அன்றே அடித்தாக வேண்டும்.

அடிப்பது உண்மையில் சின்ன வேலை. கேனை 2 நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். 20, 25 சென்டிமீட்டர் தள்ளி, முதல் கோட் இரும்பு தெரிகிற அளவுக்குத் தூவலாக. 10, 15 நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு மெல்லிய கோட். ஒரே தடவையில் கொழகொழவென்று அடித்தால் மேலே தோல் கட்டும், உள்ளே கரைப்பான் மாட்டிக்கொள்ளும், சூடு ஏறியதும் கொப்புளமாக வெடிக்கும். சைலன்சருக்குள் நுழையும் முனையிலும் கேஸ்கெட் (புகை கசியாமல் அடைக்கும் வளையம்) உட்காரும் முகத்திலும் பெயிண்ட் வேண்டாம்.

வீடியோக்கள் முழுங்கும் பாதி இனிமேல்தான். ராத்திரி காய்ந்த பெயிண்ட் சுடாத மண்சட்டி மாதிரி. கரைப்பான் மட்டும்தான் போயிருக்கிறது. சிலிக்கோன் பிசின் 200 டிகிரிக்கு மேல் வெந்தால்தான் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகும். அதுவரை நகம் பட்டால் கீறும், ஒரு சொட்டு பெட்ரோல் பட்டால் வழியும். காலையில் மாட்டிக்கொண்டு நேராக ஹைவேயில் விரட்டினால் பெயிண்ட் வேகாது, பொரியும்.

கேனில் போட்டிருக்கும் சூட்டுக் கணக்குதான் முதல் சட்டம். பொதுவாக இப்படி வரும்: புது கேஸ்கெட் வைத்து மாட்டி, கை பட்ட இடங்களை உலர்ந்த துணியால் லேசாகத் துடைத்து, 10 நிமிடம் ஐட்லிங் (வண்டியை நகர்த்தாமல் என்ஜினை மட்டும் ஓடவிடுவது). அணைத்துவிட்டு முழுக்க ஆறவிடுங்கள், கை வைத்தால் சூடே தெரியக்கூடாது. அடுத்து 20 நிமிடம், மறுபடி முழு ஆறல். கடைசியாக ஒரு அரை மணி நேரம் மெதுவான ஓட்டம். நின்ற இடத்து ஐட்லிங்கில் சைலன்சர் பக்கத்து முனைக்குப் போதுமான சூடு போகாது, அதனால்தான் ஓட்டம். ஏர்கூல் என்ஜினுக்கு முன்னால் பெரிய ஃபேன் வையுங்கள், இல்லாவிட்டால் பெயிண்ட் வேகும்போது என்ஜினும் சேர்ந்து வேகும். எல்லாமே திறந்த வெளியில். முதல் தடவை பைப்பிலிருந்து புகை வரும், நாறும், அது பிசின் வேகிற புகை, பயப்பட வேண்டாம். மூடிய ஷெட்டுக்குள் ஐட்லிங் விட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். இந்தச் சூடெல்லாம் முடியும்வரை தண்ணீர் படவிடாதீர்கள்.

இதையெல்லாம் சொல்ல வீடியோவில் இரண்டு நிமிடம் போதாதா? அடுத்த வீடியோ போடுகிறவர்கள் மூன்று மாதம் பொறுத்து, அதே பைப்பைக் கழற்றி, கீழ் வளைவின் பின்பக்கத்தில் டார்ச் அடித்துக் காட்டிவிட்டுப் போடுங்கள்.