22 நாள் ஆட்சியும் கொட்டலசும்

நேற்று டீக்கடையில் பேச்சு எங்கெங்கோ சுற்றிப் புதுச்சேரியின் 22 நாள் ஆட்சியில் வந்து நின்றது. 1974 மார்ச் 6 இல் எஸ். ராமசாமி முதல்வரானார், அந்த மாதம் முடிவதற்குள் ஆட்சி கவிழ்ந்துவிட்டது. "வலுத்தவன் நிலைப்பான், மற்றவன் போவான். இயற்கையே அப்படித்தானே" என்றார் நண்பர்.

எனக்கு ஒப்பவில்லை. அதே ராமசாமி 1977 தேர்தலுக்குப் பிறகு மறுபடி முதல்வராகி ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். இடையில் தண்டால் எடுத்து உடம்பைத் தேற்றிக்கொண்டாரா என்ன? சட்டமன்றத்தில் தலைக்கணக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான்.

சரி, இயற்கைக்கே வருவோம். கடலூர் துறைமுகத்தில் படகைக் கரையேற்றி அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசை, அதாவது ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வாழும் சின்னக் கடலுயிரைச் சுரண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்காட்லாந்துக் கடற்கரைப் பாறைகளில் அதில் இரண்டு வகை உண்டு. சின்னது மேலே, பெரியது கீழே. சின்னதின் குஞ்சுகள் கீழேயும் வந்து ஒட்டும். ஆனால் பெரியது மளமளவென்று வளர்ந்து அவற்றை நெம்பித் தள்ளிவிடும், இல்லையென்றால் நசுக்கிவிடும். ஜோசப் கானெல் என்ற ஆய்வாளர் பெரியதை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டுப் பார்த்தார். கீழே சின்னது சுகமாக வாழ்ந்தது! 1961 இல் இதை எழுதி வெளியிட்டார். பெரியதும் ஒன்றும் மகாவீரன் இல்லை. மேலே போனால் தண்ணீர் வற்றும் நேரத்தில் காய்ந்தே செத்துப்போகும்.

சரித்திரத்தில் இப்படிச் சுரண்டிப் பார்க்க முடியாது என்று நினைப்போம். நம் ஊர்ப் பக்கமே ஒருமுறை கிட்டத்தட்ட அது நடந்திருக்கிறது.

1750 டிசம்பரில் செஞ்சிக்குப் பக்கத்தில் ஐதராபாத் நிஜாம் நாசிர் ஜங்கைக் கொன்றவர்கள் வெளியாட்கள் இல்லை, அவர் படையிலேயே இருந்த பட்டாணிய நவாப்புகள். அவர் பாளையத்தில் கைதியாக இருந்த சகோதரி மகன் முசாபர் ஜங், விலங்கோடு இருந்தவர், அன்றைக்கே நிஜாம் ஆகிவிட்டார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே அவருக்குத் தடபுடலாக விழா எடுத்தார். அப்புறம்? ஐதராபாத் போகும் வழியில், 1751 பிப்ரவரியில், மாமனைக் கொன்ற அதே நவாப்புகளோடு மூண்ட சண்டையில் மருமகனும் செத்தார். பட்டத்தில் இருந்தது இரண்டு மாதம்.

அதே சண்டையில் கர்நூல், சவணூர் நவாப்புகளும் மாண்டுபோனார்கள். நெம்பித் தள்ளும் கை இரண்டு குறைந்தது. கூடவே போயிருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, இன்னொரு மாமன் சலாபத் ஜங்கை உட்கார வைத்தார். மருமகனைவிட மாமனுக்குத் திறமை அதிகம் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஆனாலும் அவர் பத்து வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார். புஸ்ஸியின் படை பக்கத்தில் இருந்ததும் ஒரு காரணம், மறுக்கவில்லை.

ஒரே இனத்துக்குள் நடக்கும் போட்டிதான் எல்லாவற்றிலும் கடுமையானது என்பார் டார்வின். ஒரே தீனி, ஒரே இடம், ஒரே தேவை. சலாபத் ஜங்கை 1762 இல் இறக்கிச் சிறையில் போட்டவர் அவர் தம்பியே, நிஜாம் அலி.