எந்த வேலைக்கு ஆகாது?

நம் ஊர்ப் படிப்பகத்துக் கணினிகளில் நான் போட்டிருந்த லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸ் போட்ட விஷயத்தில் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரியே கணினியை இயக்குகிற, காசில்லாமல் கிடைக்கிற மென்பொருள். நேற்று ராத்திரி செயலாளர் அண்ணன் வாட்ஸப் குழுவில் போட்ட ஒரு வரி தூங்க விடவில்லை. "லினக்ஸ்லாம் வேலைக்கு ஆகாது தம்பி, பிள்ளைங்க கஷ்டப்படுதுங்க, அதான் மாத்திட்டோம்." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அதில் நாலு பேர் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்கள்.

எந்த வேலைக்கு ஆகாது அண்ணே? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஐந்து சிஸ்டத்தையும் ஒரே நாளில் ஃபார்மட் பண்ணி, சிஸ்டத்துக்கு 300 ரூபாய் கொடுத்து, கிராக் விண்டோஸ், அதாவது உரிமம் இல்லாத திருட்டு விண்டோஸ், போட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு போன் கிடையாது. நான் போய்ப் பார்த்தபோது ஆன்டிவைரஸ் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். "அது இருந்தா ஆக்டிவேட் ஆகாது சார்" என்றார் போட்டுக் கொடுத்த பையன். ஊர்ப் பிள்ளைகள் ஆதார் நம்பரையும் அப்பாவின் பாஸ்புக்கையும் ஏற்றுகிற கணினி அது.

அந்தக் கணினிகள் எப்படி வந்தவை என்று இங்கே பலருக்குத் தெரியும். ஒரு அலுவலகத்தில் கழித்துக்கட்டியதை நாலு பேர் சேர்ந்து வண்டி பிடித்துக் கொண்டுவந்தோம். இன்டெல்லின் பழைய இரண்டாம் தலைமுறை ஐ3 சிப், 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, சிப் இன்டெல் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறைக்கு மேல். முறைப்படி பார்த்தால் இந்தப் பெட்டிகளுக்கு அங்கே வழியே இல்லை. அதனால்தான் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22-இல், பழைய கணினிக்கும் தோதான லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். 2029 வரை அதற்கு அப்டேட் வரும், காசு இல்லாமல், கிராக் இல்லாமல்.

அங்கே நடக்கிற வேலை என்ன? டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம். ஹால்டிக்கெட். போட்டோவையும் கையெழுத்தையும் அவர்கள் சொன்ன கேபிக்குள் சுருக்குவது. பழைய கேள்வித்தாள் பிடிஎஃப். யூடியூப்பில் கணக்கு வகுப்பு. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு. பிரிண்ட். இதில் பாதிக்கு மேல் பிரவுசருக்குள்ளேயே முடிகிற வேலை. ஃபயர்பாக்ஸும் குரோமும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஒன்றுதான். அப்புறம் எந்த வேலைக்கு ஆகாது?

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். போன மாசம் ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தது. ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைக் குத்தி எடுத்திருக்கிறது. உள்ளே இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது. ப்ராஜெக்ட் போச்சு, மார்க்ஷீட் ஸ்கேன் போச்சு என்று ஒரே அழுகை. மின்ட்டில் குத்தினேன். அந்த வைரஸ் செய்வது இவ்வளவுதான்: உண்மையான ஃபோல்டர்களைப் பெயரில்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி, அதை விண்டோஸின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டு, அதே பெயர்களில் ஷார்ட்கட்டுகளை வைக்கும். லினக்ஸ் அந்த மறைப்பைக் கண்டுகொள்வதில்லை. அந்தப் பெயரில்லாத ஃபோல்டர் பளிச்சென்று தெரிந்தது. திறந்தால் எல்லாம் அப்படியே இருந்தது. ஷார்ட்கட்டுகளை அழித்துவிட்டுக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. இன்று அந்தப் பிள்ளை அதே மேசைக்கு வந்தால் அந்த பென்டிரைவை எங்கே குத்தும்?

"நீங்க கம்ப்யூட்டர் படிச்சவர், உங்களுக்கு ஈஸி, எல்லாரும் கறுப்புத் திரையில கமாண்ட் அடிப்பாங்களா?" என்று கேட்பார்கள். நான் பி.காம். 2008-இல் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் குறுந்தட்டைக் காசே வாங்காமல் தபாலில் அனுப்புவார்கள். இணையத்தில் முகவரி கொடுத்தால் போதும். தபால்காரர் "வெளிநாட்டுலேந்து வந்திருக்கு, என்னப்பா இது" என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். அப்பாவின் பழைய கணினியில் போட்டேன். வைஃபை எடுக்கவில்லை. பிரவுசிங் சென்டருக்கு சைக்கிளில் போய் அதற்கான டிரைவர் மென்பொருளை பென்டிரைவில் இறக்கி வந்தால், அது இன்னொரு கோப்பைக் கேட்டது. அதை எடுத்து வந்தால் மூன்றாவதாக ஒன்று. ஒரே சாயந்தரம் மூன்று நடை. அந்தக் காலத்தில் ஒருவர் "லினக்ஸ் வேலைக்கு ஆகாது" என்று சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். ஆனால் அது 2008. படிப்பகத்தில் ஐந்து கணினிக்கும் போட்டபோது வைஃபை தானாக எடுத்தது. பிரிண்டர் கேபிளைச் செருகியதும் அதுவே கண்டுபிடித்துக்கொண்டது. நாலு மாசத்தில் ஒரு பிள்ளைகூட டெர்மினல் என்கிற அந்தக் கறுப்புத் திரையைத் திறந்ததில்லை. திறக்கத் தேவை வரவில்லை.

அடுத்த கேள்வியும் தெரியும். ஆஃபீஸ். மின்ட்டில் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுக்குப் பதிலாக இருக்கிற லிப்ரே ஆஃபீஸில் வேர்டு கோப்பைத் திறந்தால் அட்டவணை கொஞ்சம் நகரும், எழுத்துரு மாறும். உண்மைதான். பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் அந்தப் பிரச்சினை இல்லை. டேலி ஓட்டுகிற கணக்கர், போட்டோஷாப்பில் பிழைக்கிற ஸ்டுடியோக்காரர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோடு மல்லுக்கட்டுகிற ஆடிட்டர் இவர்களுக்கெல்லாம் விண்டோஸ் வேண்டும். வைத்துக்கொள்ளட்டும். நான் அவர்களிடம் போய் மாறுங்கள் என்று எப்போது சொன்னேன்? நம் படிப்பகத்தில் டேலி ஓட்டியது யார்? கேம்ஸ் ஓடாது என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, அது படிப்பகம்.

"வெளிய போனா எல்லா இடத்துலயும் விண்டோஸ்தான், பிள்ளைங்க அதைத்தானே பழகணும்?" இதைக் கேட்டவர் ஒரு ஆசிரியர் என்பதால் கூடுதலாக வலிக்கிறது. சார், கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருஷமாக லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். அவர்கள் வேலைக்குப் போகாமலா இருக்கிறார்கள்? உங்கள் சட்டைப்பையில் இருக்கிற ஆண்ட்ராய்டுக்குள் ஓடுவதும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல்தான். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் லினக்ஸைத் தவிர வேறு எதுவும் இல்லை. மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. எங்கள் தெருவில் அதை வாங்கிய பிள்ளைகள் செய்த முதல் வேலை, கடைக்குக் கொண்டுபோய் அதை அழித்தது. அது என்ன என்று சொல்லிக்கொடுக்க ஒருத்தர் இல்லை. சொல்லிக்கொடுக்க ஒருத்தர் இருந்தும் அழித்தது இப்போதுதான்.

கோபம் விண்டோஸ் மேல் இல்லை. நாலு மாசம் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுவிடாமல் போனேன். மெனுவைத் தமிழில் வைத்தேன். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து, ஐந்து கீபோர்டிலும் ஒவ்வொரு விசையாகத் துடைத்து, தமிழ் எழுத்து ஸ்டிக்கரை நானும் என் மகளும் உட்கார்ந்து ஒட்டினோம். இடக்கைக்கு உயிரெழுத்து, வலக்கைக்குப் பெரும்பாலும் மெய் என்று ஒருமுறை சொன்னால் போதும், பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன் மூன்றே வாரத்தில் கீபோர்டைப் பார்க்காமல் "காவிரி" என்று அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைக்காகத்தான் நான் பெட்ரோல் போட்டுக்கொண்டு போனது.

இப்போது ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. விண்டோஸ் போட்டவர் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கவே இல்லை. 'க' ஒட்டிய விசையை அழுத்தினால் திரையில் ஆங்கில எழுத்து வருகிறது. அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிள்ளைகள் கஷ்டப்பட்டார்கள் என்கிறீர்கள். எந்தப் பிள்ளை? பெயர் வேண்டாம், என்ன கஷ்டம் என்று மட்டும் சொல்லுங்கள். பிரிண்ட் வரவில்லையா? பக்கம் திறக்கவில்லையா? இருந்தால் ஒரே சாயந்தரத்தில் சரிசெய்திருப்பேனே. கஷ்டப்பட்டது பிள்ளைகள் இல்லை அண்ணே. பார்த்துப் பழகிய ஸ்டார்ட் பட்டன் காணோமே என்று பெரியவர்கள் இரண்டு பேருக்குச் சங்கடம். அந்தச் சங்கடத்தைப் பிள்ளைகள் தலையில் வைத்துவிட்டீர்கள். என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால், மின்ட்டில் மெனு இருக்கிற இடத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டியிருப்பேன். அதுவும் இடது கீழ் மூலையில்தான் இருக்கிறது.

கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். அவ்வளவுதான்.

ஆறாவது கணினி மானிட்டர் போய்ப் பரணில் கிடந்ததால் தப்பித்தது. அதில் மின்ட் அப்படியே இருக்கிறது. என் வீட்டு மானிட்டரை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் படிப்பகத் திண்ணைக்கு வருகிறேன். உள்ளே இடம் தந்தால் உள்ளே, இல்லையென்றால் திண்ணை. ஹால்டிக்கெட் எடுக்க வேண்டியவர்கள், ஷார்ட்கட் ஆன பென்டிரைவ் வைத்திருப்பவர்கள் வாருங்கள். செயலாளர் அண்ணனும் வரலாம். ஆகாத வேலை எது என்று அங்கே வைத்துக் காட்டட்டும்.