யுனிசெக்ஸ் பையாம்!

வாடகைக்குத் தரும் 60 லிட்டர் ட்ரெக்கிங் பையில் 'யுனிசெக்ஸ்', அதாவது ஆண், பெண் இருவருக்கும் என்று போட்டிருக்கும். பையின் முதுகு நீளமோ பெரும்பாலும் ஆண்களுக்கு ஏற்றது! பை எடுக்கும்போது பார்க்க வேண்டியது ஆளின் உயரத்தை அல்ல, முதுகு நீளத்தை. தலை குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். அது 42 செ.மீ. உள்ளவருக்கு 50 செ.மீ. முதுகு நீளமுள்ள பையை மாட்டினால் இடுப்பு வார் கீழே நழுவி, இடுப்பு சுமக்க வேண்டிய பாரம் முழுக்கத் தோளில் இறங்கும். நேரான தோள் வார் மார்பை அழுத்தி அக்குளை அறுக்கும். அப்புறம், "பொம்பளைங்களால சுமக்க முடியாது" என்று கமெண்ட் வேறு. பெண்களுக்கான பை கேட்டால் ரோஸ் கலரில் 20 லிட்டர் பையை நீட்டுகிறார்கள். கலரை யார் கேட்டது? முதுகு நீளத்தை மாற்றக்கூடிய, எஸ் வடிவில் வளைந்த தோள் வார் உள்ள பை நாலு வாங்கி வைத்தால் கடை முழுகிவிடுமா?