கிலோவுக்கு ஒரு ரூபாய் சல்லடைக் கூலி

கொடுங்கையூர் குப்பைமேட்டைத் தோண்டிச் சலிக்கும் வேலைக்குச் சென்னை மாநகராட்சி ஒதுக்கியிருப்பது சுமார் 640 கோடி ரூபாய். அங்கே கிடக்கும் பழைய குப்பை 66 லட்சம் டன்னுக்குச் சற்று மேல். வகுத்துப் பாருங்கள், டன்னுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரும். அதாவது கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய். காய்கறித்தோல், பால் கவர், கிழிந்த புடவை, உடைந்த பல்பு, நாப்கின் என்று எல்லாவற்றையும் ஒரே கவரில் முடிந்து நாற்பது வருஷமாக அனுப்பினோம். அந்த முடிச்சை இப்போது அவிழ்க்கக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூலி.

பயோமைனிங் என்கிற இந்த வேலையை நான் குறை சொல்லவில்லை. மேட்டை வெட்டி எடுத்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, புரட்டிப் போட்டு உலர்த்தி, உருளைச் சல்லடையில் விடுகிறார்கள். மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், பிளாஸ்டிக்கும் துணியும் இன்னொரு பக்கம். எரியக்கூடியது சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிறது. நகரத்தின் இன்னொரு கிடங்கான பெருங்குடியில் இதை முதலிலேயே தொடங்கிவிட்டார்கள், தொடங்கித்தான் ஆக வேண்டும். அந்தக் கிடங்கு உட்கார்ந்திருந்தது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேல். 2022-ல் பள்ளிக்கரணைக்கு ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. அதே வருஷம் ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் எரிந்தது. காற்றுப் புகாமல் புதைந்த ஈரக்குப்பை மீத்தேனை விடும், கோடையில் ஒரு பொறி போதும். ஆக, பழைய மேடுகள் போகட்டும், நல்லதுதான்.

என் வயிற்றெரிச்சல் வேறு. கொடுங்கையூரில் ஒரு பக்கம் சலிக்கிறார்கள், இன்னொரு பக்கம் அதே வளாகத்துக்கு 1 முதல் 8 வரையான மண்டலங்களின் புதுக் குப்பை லாரி லாரியாக வந்துகொண்டே இருக்கிறது. நகரம் முழுக்கச் சேர்த்தால் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல். கலந்து கொட்டுவதை நிறுத்தாமல் சலிப்பதற்கு மட்டும் டெண்டர் விட்டால், இன்னும் இருபது வருஷம் கழித்து நம் பிள்ளைகள் இன்னொரு டெண்டர் விடுவார்கள்.

சட்டத்தில் ஒன்றும் குறையில்லை. 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான வீட்டுக் குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னது. உரமாகாத, மறுசுழற்சிக்கும் ஆகாத, எரியவும் செய்யாத மிச்சம் மட்டும்தான் கிடங்குக்குப் போகலாம் என்றும் சொன்னது. அப்படிப் பார்த்தால் கொடுங்கையூருக்குப் போகும் லாரியில் பாதிக்கு மேல் அந்த வழியில் போயிருக்கவே கூடாது.

எங்கள் தெருவுக்குக் காலையில் பேட்டரி வண்டி வரும். பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி எல்லாம் உண்டு. வண்டியோடு வரும் அக்கா, முடிச்சுப் போட்ட கறுப்புக் கவரை வாங்கியதும் முதலில் அதை விரலால் கிழிப்பார். உள்ளே சாம்பார் ஊறிய பார்சல் கவர், முட்டை ஓடு, ஷாம்பு பாக்கெட், நேற்றைய பூ. கையுறை பாதி விரலில் கிழிந்திருக்கும். பால் கவரை மட்டும் உதறி, வண்டி ஓரத்தில் தொங்கும் சாக்கில் போடுவார். தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு சாக்கு, அட்டைக்கு இன்னொன்று. இவை காயலான் கடைக்குப் போகும், டீச் செலவுக்கு ஆகும். சிப்ஸ் பாக்கெட்டை எந்தக் காயலான் கடையும் வாங்காது, அது திரும்பத் தொட்டிக்கே போகும். இதற்குள் பின்னால் ஒரு பைக் ஹாரன் அடிக்கும், மூன்றாவது மாடியிலிருந்து ஒரு குரல் "ஏம்மா, இதையும் எடுத்துட்டுப் போயிடு" என்று இன்னொரு முடிச்சை இறக்கும்.

சென்னையில் உருப்படியாக நடக்கும் மறுசுழற்சி அந்தச் சாக்கில்தான் நடக்கிறது. சாக்கும் காயலான் கடையும் பழைய பேப்பர்காரரும் இல்லையென்றால் நம் குப்பைமேடுகள் இதைவிட உயரமாக இருந்திருக்கும். மாநகராட்சியின் எந்தக் கணக்கிலும் இவர்களுக்கு ஒரு பத்தி இருக்காது.

நம் ஆட்களிடம் "ஏங்க பிரிச்சுக் கொடுக்கல?" என்று கேட்டால் ஒரே பதில்தான். "நாங்க பிரிச்சுக் கொடுத்தாலும் அப்புறம் ஒண்ணாத்தானே கொட்டுறாங்க." இதில் பாதி சோம்பேறித்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீதிப் பாதியை யாராலும் மறுக்க முடியாது. காம்பாக்டர் லாரி செய்யப்பட்டதே உள்ளே போட்டதை அழுத்தி நசுக்கத்தான். ஈரமும் உலர்ந்ததும் ஒரே காம்பாக்டருக்குள் போனால், வீட்டில் எத்தனை கவனமாகப் பிரித்திருந்தாலும் வெளியே வருவது ஒரே கூழ். காகிதம் நனைந்தபின் அதற்கு விலை இல்லை. எச்சில் ஒட்டிய பிளாஸ்டிக்குக்கும் இல்லை.

இதற்குப் பின்னால் பழைய பழக்கம் ஒன்று இருக்கிறது. 2000-ல் ஓனிக்ஸ் என்ற தனியார் கம்பெனி குப்பை அள்ள வந்த காலத்திலிருந்தே நம் ஊரில் குப்பை ஒப்பந்தம் என்றால் எடைக்குக் காசு. எடைக்குக் காசு என்றால் குப்பை குறைவதும், பிரிவதும், தெருவிலேயே உரமாவதும் ஒப்பந்தக்காரருக்கு நஷ்டம். 2020-க்குப் பிறகு வந்த ஒப்பந்தங்களில் செயல்பாட்டை அளந்து பணம் என்று மாற்றினார்கள், நல்ல மாற்றம். ஆனால் மக்களாகிய நாம் இன்னமும் அளப்பது ஒன்றே ஒன்றைத்தான்: தெருமுனைத் தொட்டி காலியா, இல்லையா? காலியானால் கவுன்சிலர் நல்லவர். அந்தக் குப்பை எங்கே போனது என்று எந்த வாக்காளரும் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்கு அதிகாரிகள் ஏன் மெனக்கெடப் போகிறார்கள்?

இந்த வேலையைச் செய்கிறவர்கள் விஷயத்திலும் அதே அலட்சியம்தான். 2025 ஆகஸ்டில் 5, 6 மண்டலங்களைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். நடுராத்திரியில் போலீஸை வைத்து அப்புறப்படுத்தினார்கள். பிரிப்பது விரல்களின் வேலை. அந்த விரல்களுக்கு நிரந்தர வேலை கிடையாது, நாளைக்கு எந்த கம்பெனி சீருடை என்பதும் தெரியாது. அவர்களிடம் தரம் பிரித்தலை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

சரி, மாநகராட்சியின் அடுத்த திட்டம் என்ன? கொடுங்கையூரிலேயே தினம் 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை. ஏற்கெனவே ஒரு பக்கம் மணலி சுத்திகரிப்பு ஆலை, இன்னொரு பக்கம் எண்ணூர் அனல்மின் நிலையங்கள். நடுவில் இருக்கும் ஜனங்கள் 2025-ல் தெருவில் இறங்கி மனிதச் சங்கிலி நின்றதில் ஆச்சரியமில்லை. புகை விஷயத்தைக்கூட விடுங்கள். நம் குப்பையில் பெரும்பங்கு சமையலறைக் குப்பை, தண்ணீர் சொட்டும். அதை எரிக்க முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அப்புறம் உலை நன்றாக எரிய என்ன வேண்டும்? காகிதமும் பிளாஸ்டிக்கும். அதாவது அக்காவின் சாக்கில் இருப்பவை. தினம் 2,100 டன் தீனி கேட்கிற ஒரு உலையைக் கட்டிவிட்டு, குப்பையைக் குறையுங்கள் என்று எந்த மாநகராட்சியும் மனதாரச் சொல்லாது.

வேறு வழியே இல்லையா என்றால், பக்கத்திலேயே கேரளத்தின் ஆலப்புழை இருக்கிறது. ஊருக்கு வெளியே இருந்த குப்பைக் கிடங்கை அதன் அக்கம்பக்கத்து மக்கள் மறித்து நிறுத்திய பிறகுதான் நகராட்சிக்கு ஞானம் பிறந்தது. தெருவுக்குத் தெரு உரத்தொட்டி வைத்தார்கள். கேரளம் முழுக்க ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீட்டுக்கு வந்து சுத்தமான உலர் குப்பையை மட்டும் வாங்கிக்கொண்டு, அதற்குக் காசும் வாங்குகிறார்கள். அங்கேயும் கொச்சி பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சில் குப்பைமேடு பன்னிரண்டு நாள் போல எரிந்தது, அதையும் சொல்ல வேண்டும். பெரிய நகரம் தன் ஈரக்குப்பையை ஒரே இடத்தில் குவித்தால் கேரளமானாலும் எரியும். நம்மிடமும் விதை இல்லாமல் இல்லை. வார்டுகளில் நுண் உரக்குடில்கள் இருக்கின்றன, சேத்துப்பட்டில் ஈரக்குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை இருக்கிறது, அதன் அளவு தினம் 100 டன். நகரத்தின் மொத்தத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பணம் எங்கே என்பார்கள். 2021 தொடக்கத்தில் வீட்டுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை குப்பைக் கட்டணம் என்று அறிவித்தார்கள், எதிர்ப்புக் கிளம்பியதும் அறிவித்த வேகத்திலேயே பின்வாங்கினார்கள். நான் அந்தக் கட்டணத்துக்கு ஆதரவு. ஆனால் ஒரு திருத்தம்: பிரித்துக் கொடுக்கிற வீட்டுக்குக் கட்டணம் கிடையாது, முடிச்சுப் போட்டுக் கொடுக்கிற வீட்டுக்கு முழுக் கட்டணம்.

வீடுகளுக்கு முன்னால் கல்யாண மண்டபத்துக்கும் ஓட்டலுக்கும் போகட்டும். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குகிறவர்களைத் தனியாக வகைப்படுத்தி, கூடுதல் பொறுப்பை 2016 விதியிலேயே வைத்திருக்கிறார்கள். ஒரு முகூர்த்த நாளில் ஒரு மண்டபத்தின் பின்வாசலில் போய் நின்று பாருங்கள். சாப்பிட்ட இலை, மிச்ச சாதம், அதோடு நூற்றுக்கணக்கான குட்டித் தண்ணீர் பாட்டில்கள், எல்லாம் ஒரே குவியல். பாட்டிலைத் தனியாகப் போட ஒரு டிரம் வைக்க எந்தத் தொழில்நுட்பமும் வேண்டாம். லட்சக்கணக்கான வீடுகளைத் திருத்துவதைவிட சில ஆயிரம் உரிமங்களைப் பிடிப்பது சுலபம். மண்டபம் யாருடையது என்று பார்த்தால் ஏன் பிடிக்கவில்லை என்பது சில இடங்களில் உங்களுக்கே புரியும்.

அடுத்த முறை உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் (கிராம சபை போல நகரத்து மக்கள் கேள்வி கேட்கும் கூட்டம்) நடந்தால் போய் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். நம் வார்டின் ஈரக்குப்பை தினம் எத்தனை கிலோ தனியாகப் போகிறது? எந்த இடத்துக்கு, எந்த வண்டியில்? ஏற்கெனவே பதில் கிடைத்தவர்கள் வார்டு எண்ணோடு கமெண்டில் போடுங்கள், 200 வார்டுக்கும் ஒரு பட்டியல் போட்டுப் பார்ப்போம்.